வெள்ளுடைப் பெண் புதினமும் திருமணச் சொத்து ஆவணமும்: ஒரு சட்டக் கூற்றின் மொழியும் வரலாறும்

1. முன்னுரை

வில்கி காலின்ஸ் (1824–1889) எழுதிய 'தி உமன் இன் ஒயிட்' என்னும் ஆங்கிலப் புதினம், சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' என்னும் வார இதழில் 1859 நவம்பர் 26 முதல் 1860 ஆகஸ்ட் 25 வரை தொடராக வெளிவந்தது. 1860-இலேயே மூன்று தொகுதிகளாக நூலுருப் பெற்றது. இக்கட்டுரையில் அது 'வெள்ளுடைப் பெண்' எனச் சுட்டப்பெறும். பரபரப்புப் புதினம் எனப் பெயர்பெற்ற வகைக்கு இதனை முன்னோடியாகக் கொள்வது இலக்கிய வரலாற்றாசிரியர் மரபு. நள்ளிரவுச் சாலையில் வெள்ளுடையுடன் தோன்றும் பெண், மனநோய்க் காப்பகம், ஆள்மாறாட்டம், தீப்பற்றி எரியும் தேவாலயம் ஆகியன வாசகர் நினைவில் நிற்பவை.

ஆயின், இக்கதையை இயக்கும் விசை இவற்றுள் எதுவுமன்று. ஒரு திருமணத்திற்கு முன் எழுதப்பெற்ற சொத்து ஆவணத்தின் ஒரு கூற்றே அவ்விசை. அக்கூற்றின் சொற்களைப் பிறழ உணர்ந்தால் கதையின் குற்றமே பிறழ உணரப்படும். பேராசை, சூழ்ச்சி, திருமணத் திட்டம் ஆகிய மூன்றும் இப்புதினத்தில் சட்டத்தை மீறித் தொடங்கவில்லை; சட்டத்தின் மொழிக்குள்ளிருந்தே தொடங்குகின்றன. இதனை நிறுவுவதும், அம்மொழியைத் தமிழில் தருவதற்குரிய வழிகளை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. சட்டப் பின்புலம்

காலின்ஸ் 1846-இல் லண்டன் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்திற் சேர்ந்து, 1851-இல் வழக்குரைஞராகப் பதிவு பெற்றவர். அவர் தொழில் நடத்தியதில்லை. எனினும் அப்பயிற்சியின் தடம் புதினத்தின் அமைப்பிலேயே தெரிகிறது. நீதிமன்றத்தில் சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக வந்து தாம் அறிந்ததை மட்டும் சொல்வதுபோலக் கதை பலர் வாய்மொழியாக நகர்கிறது.

கதை நிகழும் 1849–1850 காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சட்டம் மணமான பெண்ணைத் தனி ஆளாகக் கருதவில்லை. கணவனும் மனைவியும் சட்டத்தின்முன் ஓர் ஆள் என்றும், திருமண காலம் முழுவதும் மனைவியின் சட்ட இருப்பு இடைநிறுத்தம் பெறுகிறது என்றும் வில்லியம் பிளாக்ஸ்டன் தம் உரைநூலின் முதல் தொகுதியில் (1765) விளக்கினார். மனைவியின் ரொக்கம், நகை முதலிய அசையும் பொருள்கள் திருமணத்துடன் கணவனுக்கே முழுவதும் உரியவாயின. அவளுடைய நிலத்தின் வருவாய் திருமண காலத்தில் கணவனைச் சேர்ந்தது. அவள் இசைவின்றி நிலத்தை விற்க மட்டும் அவனுக்கு இயலாது. கணவனின் ஒப்புதலின்றி அவள் உயில் எழுதவும் முடியாது.

இந்நிலையைக் குறித்த சொல் 'கவர்ச்சர்' என்பது. மணமான பெண் 'ஃபெம் கவர்ட்', அதாவது மூடப்பட்ட பெண். மணமாகாதவளும் கைம்பெண்ணும் 'ஃபெம் சோல்', தனித்த பெண். இவை நார்மானியர் வழிவந்த சட்டப் பிரெஞ்சுச் சொற்கள். ஆங்கில நீதிமன்றங்களின் நடவடிக்கைகளும் ஆவணங்களும் ஆங்கிலத்திலேயே அமைய வேண்டும் என்னும் சட்டம் 1733-இல் நடைமுறைக்கு வந்தபின்னும் இச்சொற்கள் நிலைத்தன. மொழி மாறியது, சொல்லும் அது சுமந்த உறவும் மாறவில்லை. பேசுவோருக்கு வேர்ப்பொருள் விளங்காத கடன்சொல்லாக இருந்தமையால், 'மூடுதல்' என்னும் உருவகம் காப்பா, மறைப்பா என்ற வினாவும் நெடுங்காலம் எழாமற் போயிற்று.

பொருள் படைத்த குடும்பங்கள் இச்சட்டத்தின் கடுமையைத் தவிர்க்க ஒரு வழியைக் கையாண்டன. திருமணத்திற்கு முன்பே மணமகளின் சொத்தை அறங்காவலர் பொறுப்பில் வைத்து, அதன் வருவாய் யாருக்கு, முதல் யாருக்கு என ஆவணம் எழுதினர். சமநெறி நீதிமன்றம் இவ்வேற்பாட்டை ஏற்றது. இதுவே 'மேரேஜ் செட்டில்மெண்ட்'. வழக்குரைஞருக்கும் அறங்காவலருக்கும் செலவிட இயலாத குடும்பத்துப் பெண்களுக்கு இக்காப்பு இல்லை.

3. ஆவணத்தின் கூற்று

புதினத்தின் தலைவி லாரா ஃபேர்லி. கம்பர்லாந்திலுள்ள லிமரிட்ஜ் இல்லத்தைச் சேர்ந்தவள், தந்தையை இழந்தவள். அவளுடைய சொத்து நிலை குடும்ப வழக்குரைஞர் கில்மோர் வாயிலாக நமக்குத் தெரிவிக்கப்படுகிறது. சிற்றப்பன் பிரெடரிக் ஃபேர்லிக்குப்பின் அவளைச் சேரக்கூடிய நிலத்தின் ஆண்டு வருவாய் 3,000 பவுண்டு. 21 வயது நிறையும்போது அவளுக்கு முழு உரிமையாக வருவது 20,000 பவுண்டு ரொக்கம். இவற்றுக்கு மேலாக, 10,000 பவுண்டின் வருவாயை அவள் வாழ்நாள்வரை துய்க்கலாம். அவள் இறந்தால் அத்தொகை அவளுடைய அத்தை எலினாருக்குச் செல்லும். எலினாரின் கணவர் இத்தாலியரான கவுண்ட் ஃபாஸ்கோ.

லாராவை மணக்க முன்வரும் சர் பெர்சிவல் கிளைட் கடனில் மூழ்கியவர். கில்மோர் எழுதிய வரைவின்படி, 20,000 பவுண்டின் வருவாய் லாராவின் வாழ்நாளில் லாராவுக்கும், பின்னர்க் கணவருக்கும்; முதல் பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லையேல் லாரா தன் உயிலில் குறிக்கும் வண்ணம் முதல் பங்கிடப்படும். பெர்சிவலின் வழக்குரைஞர் இறுதிப் பகுதியை மறுத்து மாற்றுகிறார். அம்மாற்றத்தைத் தமிழ்ப் பத்திர நடையில் இவ்வாறு எழுதலாம்: மேற்படி தம்பதிகளுக்குச் சந்ததியில்லாமல் மனைவி முந்திக் காலமாகிக் கணவர் ஜீவித்திருக்கும் பட்சத்தில், முதல் தொகை கணவரைச் சேர வேண்டியது.

இங்குக் காலமும் ஒரு கருவியாகிறது. லாராவுக்கு 1850 மார்ச்சு மாதத்தில்தான் 21 வயது நிறைகிறது. பெர்சிவலின் அவசரத்தால் திருமணம் 1849 டிசம்பர் 22-இல் நடைபெறுகிறது. மூன்று மாதம் பொறுத்திருந்தால் ஆவணத்திற்கு அவளுடைய இசைவே வேண்டியிருக்கும். முன்னதாக நடந்ததால் காப்பாளராகிய சிற்றப்பனின் இசைவே போதுமானதாயிற்று. தம் நரம்புத் தளர்ச்சி ஒன்றையே பொருட்படுத்தும் அவர், தொல்லை தீர்ந்தால் போதும் என ஒப்புகிறார். கில்மோர் எச்சரித்தும் பயனில்லை. இதுவரை ஒருவரும் ஒரு சட்டத்தையும் மீறவில்லை என்பது ஊன்றி நோக்கற்பாலது.

4. நிபந்தனைத் தொடரும் செயலும்

மொழியியல் நோக்கில் அக்கூற்று ஒரு நிபந்தனைத் தொடர். 'பிள்ளையின்மை', 'மனைவி முந்தி இறத்தல்', 'கணவர் எஞ்சியிருத்தல்' என்னும் மூன்று நிபந்தனைகளும் நிறைவேறும்போது பயனிலை செயற்படும். மூன்றும் நிகழ்ச்சிகளாகவே கூறப்பெற்றுள்ளன; எதற்கும் செய்பவர் இல்லை. 'இற' என்பது தன்வினை. சட்ட மொழி இத்தகைய தொடர்களையே விரும்பும். யார் செய்தார் என்பது அதற்கு வேண்டாத செய்தி. ஆனால், விடுபட்ட அவ்விடத்தில் தம்மை அமர்த்திக்கொள்ளப் பேராசைக்கு இடமுண்டு. ஆவணம் கொலை செய்யச் சொல்லவில்லை. ஒருத்தியின் இறப்பை 20,000 பவுண்டுக்குச் சமமாக்கியதோடு அது நின்றுவிட்டது.

திருமணத்திற்குப்பின் பெர்சிவல் முதலில் வேறு வழியை முயல்கிறார். ஹாம்ப்ஷயரிலுள்ள பிளாக்வாட்டர் பார்க் இல்லத்தில், மடித்து வைத்த ஒரு பத்திரத்தில் படிக்காமலே கையொப்பமிடுமாறு லாராவை வற்புறுத்துகிறார். அக்காட்சியில் ஃபாஸ்கோ எழுப்பும் ஒரு தடை கூர்ந்து நோக்கத்தக்கது. தாமும் தம் மனைவியும் இரு சாட்சிகளாக நிற்பது முறையன்று என்கிறார். இருவருக்கும் கருத்து ஒன்றே, அதுவும் தம்முடையதே என்பது அவர் கூறும் காரணம். பிளாக்ஸ்டன் விளக்கிய 'ஓர் ஆள்' கொள்கை இங்கு நகைப்புக்குரிய உண்மையாக வெளிப்படுகிறது. கவுண்டஸ் ஃபாஸ்கோ மணத்திற்குமுன் பெண்ணுரிமை பேசியவள். இப்போது கணவருக்குச் சுருட்டுச் சுற்றித் தந்துகொண்டு வாய்திறவாது அமர்ந்திருப்பவள். 'மூடப்பட்ட பெண்' என்னும் சட்டச்சொல் இவளிடம் உயிருருப் பெறுகிறது எனலாம்.

லாரா படிக்காமல் கையொப்பமிட மறுக்கிறாள். அதன்பின் நிகழும் இரவு உரையாடலில் இரு கணவர்களும் கணக்கிடுகின்றனர்; லாராவின் தாய்வழி அரைச் சகோதரி மாரியன் மழையில் நனைந்தவாறு அதனை ஒற்றுக் கேட்கிறாள். லாரா இறந்தால் பெர்சிவலுக்கு 20,000. ஃபாஸ்கோவுக்கு மனைவி வழியாக 10,000. இரு திருமணங்கள், இரு ஆவணங்கள், இரண்டிலும் ஒரே நிபந்தனை.

இங்கேதான் ஃபாஸ்கோவின் சூழ்ச்சி மொழியியலாளரின் கவனத்தை ஈர்க்கிறது. ஆவணத்தின் நிபந்தனை உடல் இறப்பன்று, சான்றளிக்கப்பட்ட இறப்பு என்பதை அவர் உணர்கிறார். இங்கிலாந்தில் 1837 முதல் இறப்புகள் அரசுப் பதிவேட்டில் பதியப்பட்டன. லாராவைப் போன்ற தோற்றமுடையவளும் இதய நோயால் நலிந்தவளுமான ஆன் கேத்தரிக், 'லேடி கிளைட்' என்னும் பெயரில் லண்டனில் இறக்கிறாள். அவள் உடல் லாராவின் தாய் துயிலும் கல்லறையில் லாராவின் பெயர் பொறித்து அடக்கம் செய்யப்படுகிறது. லாராவோ ஆன் கேத்தரிக் என்னும் பெயரில் காப்பகத்தில் அடைக்கப்படுகிறாள். எவரையும் கொல்லாமலே நிபந்தனை நிறைவேறுகிறது. பெயர் இடம்மாறினால் ஆளும் இடம்மாறும் என்னும் இச்சூழ்ச்சி செல்லுபடியாவதற்கு, மணத்தின்போதே லாரா தன் பிறந்தகப் பெயரை இழந்து 'லேடி கிளைட்' ஆகிவிட்டமை முன்னேற்பாடாக அமைந்தது.

ஆவணமே அனைத்தும் என்னும் இக்கொள்கை பெர்சிவலையும் விடவில்லை. அவருடைய பட்டமும் நிலமும், பெற்றோர் மணம் செய்துகொண்டதாகத் தேவாலயப் பதிவேட்டில் அவரே புகுத்திய பொய்ப் பதிவின்மேல் நிற்பவை. வேறோர் ஊரில் இருந்த படியில் அப்பதிவு காணப்படாமையால் பொய் வெளிப்படுகிறது. அதை அழிக்கச் சென்ற இடத்தில் அவர் தீயில் மாள்கிறார். லாராவின் ஆள் அடையாளமும் ஒரு தேதியால்தான் மீட்கப்படுகிறது. 'லேடி கிளைட்' இறந்ததாகச் சான்று கூறும் நாளுக்குப் பின்னரே உண்மையான லேடி கிளைட் லண்டனுக்குப் பயணம் செய்தாள் என்பது நிறுவப்படுகிறது. முதற் பதிப்பில் இத்தேதிக் கணக்குப் பொருந்தவில்லை என 'டைம்ஸ்' இதழின் மதிப்புரை சுட்டியதும், காலின்ஸ் அடுத்துவந்த பதிப்பில் திருத்தியதும் இப்புதினத்தில் தேதி பெற்ற இடத்தைக் காட்டும். ஆனால் 30,000 பவுண்டு லாராவிடம் மீளவில்லை. அவள் பெயர் மீண்டது, பொருள் மீளவில்லை.

5. மொழிபெயர்ப்பில் எழும் இடர்ப்பாடுகள்

முதலாவது இடர் 'செட்டில்மெண்ட்' என்னும் சொல்லே. இதனைத் 'திருமண ஏற்பாடு' எனப் பெயர்த்தால் பந்தலும் விருந்துமே வாசகர் மனத்தில் தோன்றும். கடன்சொல்லாகவே வைத்தாலும் இடர் தீராது. தமிழ்நாட்டுப் பத்திரப் பதிவு வழக்கில் செட்டில்மெண்டு என்பது பெரும்பாலும் உறவினர் ஒருவருக்குச் சொத்தை உடனே உரிமையாக்கும் தானப் பத்திரத்தைக் குறிக்கும். அறங்காவலர் பொறுப்பு, படிநிலை உரிமை, திருமணத்துக்கு முன் எழுதுதல் ஆகிய பொருட்கூறுகள் அதில் இல்லை. ஒலியால் ஒன்றாய்ப் பொருளால் வேறாய் நிற்கும் போலி நிகர்ச்சொல்லுக்கு இது தக்க சான்று. 'திருமணச் சொத்து ஆவணம்' என விரித்துரைப்பதே பொருத்தம் எனத் தோன்றுகிறது.

இரண்டாவது 'வரதட்சணை'. வரனுக்குத் தரும் தட்சணை என்பது இச்சொல்லின் அமைப்பு. 1961-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்திற்குப்பின் இச்சொல் குற்றத்தின் பெயருமாகும். பெர்சிவல் எதையும் தட்சணையாகக் கேட்கவில்லை. லாராவின் பொருள் அவள் தந்தை வழி வந்த மரபுரிமை. இங்கு 'வரதட்சணை' என எழுதினால், ஆங்கிலச் சட்டம் குற்றம் காணாத இடத்தில் நாம் குற்றத்தைக் காட்டுவோம். உண்மையான கொடுமை நிகழ்ந்த இடத்தை மறைப்போம். 'சீதனம்' சற்று நெருங்கியது. ஸ்திரீதனம் என்பதன் திரிபாகிய அச்சொல் பெண்ணின் தனிப்பொருளைக் குறித்தது. மகளுக்குத் திருமணத்தில் அளிக்கும் நிலத்தை 'மஞ்சட்காணி' என்னும் வழக்கும் உண்டு. யாழ்ப்பாணத் தேசவழமை, 1707-இல் டச்சு ஆட்சியில் தொகுக்கப்பெற்ற காலத்திலேயே சீதனம், முதுசம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகைப்படுத்தி வேறுபடுத்தியது. இச்சொற்களை ஆங்கிலக் கதைக்குள் இட்டால் அந்நிய மணம் நீங்கும். ஆனால் ஆங்கிலப் பொதுச் சட்டம் இத்தகைய பெண்பொருளை அறியாதிருந்தது என்னும் செய்தியும் உடன் நீங்கும். ஆகவே இவற்றையும் விலக்குதல் நன்று.

மூன்றாவது 'இஷ்யூ'. சட்ட வழக்கில் இது வழித்தோன்றலைக் குறிக்கும். பழக்கத்தால் 'வாரிசு' என எழுதத் தோன்றும். வாரிசு என்பது மரபுரிமை பெறும் எவரையும் குறிக்கும். 'வாரிசு இல்லாமல் இறந்தால்' என்றால், மாரியனோ அத்தையோ இருக்கும்வரை நிபந்தனை நிறைவேறாது என்னும் பொருள் வந்துவிடும், கதையே நின்றுவிடும். 'சந்ததி' என்பதே பிழையற்ற சொல்.

நான்காவது 'இன்ட்ரெஸ்ட்'. ஓரிடத்தில் வட்டி; மற்றோரிடத்தில் உரிமை. 10,000 பவுண்டின்மேல் லாராவுக்குள்ள 'லைஃப் இன்ட்ரெஸ்ட்' என்பதை வாழ்நாள் வட்டி எனக் கொள்வது பிழை. இங்குப் பழைய தமிழ்ப் பத்திர நடை நமக்குக் கைகொடுக்கிறது. 'ஆயுள் பரியந்தம் அனுபவித்து வரும் பாத்தியம்' என்பதும், 'தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமான சர்வ சுதந்திர பாத்தியம்' என்பதும் பத்திர எழுத்தர்களின் வாய்ப்பாடுகள். முன்னது வாழ்நாள் துய்ப்புரிமையையும், பின்னது விற்கவும் கொடுக்கவும் வல்ல முழு உரிமையையும் ஐயமற வேறுபடுத்துகின்றன. தனித்தமிழ் நடையில் எழுத விழைவோர் 'வாழ்நாள் துய்ப்புரிமை', 'முற்றுரிமை' எனலாம். எவ்வாறாயினும் வேறுபாடு மங்குதல் ஆகாது. லாராவின் 20,000 முற்றுரிமைப் பொருள், 10,000 துய்ப்புரிமைப் பொருள் என்பதே பெர்சிவலின் பங்கும் ஃபாஸ்கோவின் பங்கும் வேறாவதற்குக் காரணம்.

நடையைப் பற்றியும் ஒரு கருத்து. கில்மோரின் பகுதியை எளிய கதை நடைக்கு மாற்றுவது மொழிபெயர்ப்பாளர்க்கு இயல்பான விருப்பம். அப்பகுதியின் வறண்ட துல்லியம் மூலத்தில் வேண்டுமென்றே அமைந்தது. ஒரு பெண்ணின் இறப்புக்கு விலை குறிக்கப்படும்போதும் சட்டமொழி குரல் உயர்த்துவதில்லை. தமிழிலும் அது குரல் உயர்த்தலாகாது.

6. சொல்லுக்கும் சட்டத்திற்கும் பின்னர் நேர்ந்தவை

புதினம் தோன்றுமுன்னரே இச்சட்டம் வினாவுக்குள்ளாகியிருந்தது. பார்பரா லீ ஸ்மித் 1854-இல், பெண்களைப் பற்றிய சட்டங்களை எளிய மொழியில் சுருக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். சட்டச் சொல்லின் மூட்டத்தை நீக்கியதே அந்நூலின் வலிமை. 1856-இல் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பெற்ற விண்ணப்பத்தில் எலிசபெத் காஸ்கல், எலிசபெத் பாரெட் பிரவுனிங் போன்ற எழுத்தாளர்களும் கையொப்பமிட்டிருந்தனர். 1857-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம், கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்குச் சிறிது காப்பளித்தது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியின் உழைப்பூதியத்தை அவளுக்கே உரியதாக்கியது. 1882-இல் இயற்றப்பெற்று 1883 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டமே மணமான பெண்ணின் சொத்தை அவளுடைய தனிச்சொத்து என முழுமையாக ஏற்றது.

இதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, அதே ஆங்கிலேயர் இந்தியாவுக்கு இயற்றிய 1865-ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, திருமணத்தால் ஒருவர் மற்றவரின் சொத்தில் எந்த உரிமையும் பெறுவதில்லை என வகுத்தது. அச்சட்டம் இந்துக்களையும் இசுலாமியரையும் பௌத்தரையும் கட்டுப்படுத்தவில்லை. எனினும், இங்கிலாந்தில் லாராக்களை மூடிய கொள்கை இந்தியச் சட்டத் தொகுப்பில் முன்னதாகவே கைவிடப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. இந்தியச் சட்டச் சொற்களில் 'கவர்ச்சர்' என்பதற்கு நிலைத்த தமிழ் இணை உருவாகாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். நம் சட்டத்தில் இடம்பெறாத ஒன்றுக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் 'மனைவியின் சட்ட மறைவுநிலை' என்பதுபோல விளக்கமாகவே அதனைத் தர வேண்டியுள்ளது.

7. முடிவுரை

'வெள்ளுடைப் பெண்' புதினத்தில் தீயோர் இருவர் உள்ளனர். அவர்கள் செய்த தீமைகளும் உள்ளன. ஆனால் அவர்களுக்கு முன்பே ஓர் ஆவணம் இருந்தது. அதனை எழுதியவரும் எழுத இசைந்தவரும் நேர்மையற்றவர் எனச் சட்டம் சொல்லாது. மாறிய கூற்றுடன் தம் மகளாயின் மணம் செய்து கொடேன் எனக் கருதிய கில்மோரே அதனை எழுதி முடித்துத் தந்தார். பேராசை ஆளைக் கண்டு அஞ்சவில்லை. சொல்லைக் கண்டு துணிந்தது.

ஆதலின் இத்தகைய புதினங்களைத் தமிழாக்குவோர், பாத்திரங்களின் சினத்தையும் கண்ணீரையும் பெயர்க்குமுன் ஆவணத்தின் கூற்றைப் பெயர்த்துப் பார்ப்பது நன்று. சந்ததி என்பது வாரிசாகவும், துய்ப்புரிமை என்பது வட்டியாகவும் மாறிவிட்டால், தமிழ் வாசகருக்குக் கிடைப்பது இரு தீயோரின் கதை மட்டுமே. அவர்களுக்கு வழி திறந்துவிட்ட சட்டம், மூலத்தில் வாங்கிய பழியைத் தமிழில் வாங்காமல் தப்பிவிடும்.